அரசுக்குள் மறைந்த அரசு உண்மையா? யாரைப் படிக்கலாம்?

உண்மைதான்: தேர்தல் வழியாக வராத அதிகாரம் திரைமறைவில் கூட்டுச் சேர்ந்து இயங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் இருட்டறையில் கூடி நாட்டை நடத்துவதாக நினைக்க வேண்டாம், அது சினிமா.

துருக்கியின் சுசுர்லுக்கில் 1996 நவம்பரில் ஒரு கார் லொறியில் மோதியது. உள்ளே ஒரு பொலிஸ் உயரதிகாரி, தேடப்பட்டுவந்த கொலையாளி ஒருவர், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்! அவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு துருக்கியப் பத்திரிகைகள் இந்தக் கூட்டணியைத் தோண்டத் தொடங்கின. கோட்பாடு வேண்டுமென்றால் அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ்: இராணுவம், பெருநிறுவனம், அரசியல் மூன்றின் உச்சியிலும் ஒரே வட்டத்தினரே இருப்பதை 1956இலேயே எழுதிவிட்டார்.

நம்மூர்க்காரரையும் விட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பில் பிறந்த தர்மரத்தினம் சிவராம், 'தராக்கி' என்ற பெயரில் இராணுவத்தையும் ஆயுத அரசியலையும் அலசிய பத்திரிகையாளர். 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டார். மறுநாள் உடல் நாடாளுமன்றத்துக்கு அருகே கிடந்தது.

கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) "மேலிடத்து அனுமதி வரவில்லை" என்று கேட்டுத் திரும்பும் எல்லோரும் சதியைச் சந்திப்பதில்லை. பாதி வெறும் சோம்பல். மீதியில் பல வெளிப்படையானவை. கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது. பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி, ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே நிர்வாகம் நடத்தினார். இதை அறிய உளவாளி வேண்டாம், வர்த்தமானி போதும்.