கியர் பாக்ஸ் பின்னாடி, ஸ்டியரிங் வலது பக்கம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல லான்சியா அவுரேலியாங்கற பழைய இத்தாலி காரை ஓட்டினதைப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி: பழைய இத்தாலி ஜி.டி. காரை (தூரப் பயணத்துக்குன்னு பண்ணின வேகமான கார்) ரீஸ்டோர் பண்ணி ஓட்டறது நிஜமாவே சுகமா சார், இல்ல சும்மா பந்தாவா?

பந்தாவும் இருக்கு, எதுக்குப் பொய் சொல்லணும். ஆனா முதல் பத்து நிமிஷம் ரெண்டுமே இல்ல, அவஸ்தை மட்டும்தான்.

நான் ஓட்டினது 1953 அவுரேலியா பி20 ஜி.டி., தெரிஞ்சவர் ஒருத்தரோட வண்டி. ஃபிளாரன்ஸ்ல இருந்து போலோன்யாவுக்கு ஃபூட்டா கணவாய் வழியா ஒரு பழைய ரோடு ஏறுது, ஹைவே வந்தப்புறம் லாரி எல்லாம் அங்க போயிட்டதால இது காலியா கிடக்கும். சாவியைக் குடுத்துட்டு அவர் பக்கத்து சீட்ல உக்காந்துகிட்டார். ஃபர்ஸ்ட் கியர்ல கிளப்பி செகண்ட் போடறேன், விழ மாட்டேங்குது, அழுத்தினா கரகரன்னு சத்தம், எனக்கு வேர்த்துடுச்சு, இத்தனை வருஷமா கார் ஓட்டறவன் கத்துக்குட்டி மாதிரி முழிக்கிறேன். மீட்டரைப் பாத்தா தண்ணி சூடு சரியா இருக்கு, ஆயில் பிரஷரும் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் என்னதான் பிரச்சனை?

அவர் சிரிச்சுகிட்டே சொன்னார், மீட்டர் காட்டறது முன்னாடி இருக்கற இன்ஜினை, கியர் பாக்ஸ் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு, அது இன்னும் தூங்குதுன்னு.

விஷயம் இதுதான். அவுரேலியால இன்ஜின் மட்டும்தான் முன்னாடி. கிளட்ச், கியர் பாக்ஸ், டிஃப்ரென்ஷியல், பின் பிரேக் ட்ரம் எல்லாம் பின் ஆக்ஸில் கிட்ட ஒரே கட்டா உக்காந்திருக்கும், எடை முன்னாடியும் பின்னாடியும் சமமா விழட்டும்னு. நல்ல யோசனைதான், ஆனா இன்ஜின் சூடு அங்க எட்டாது, கியர் ஆயில் தானா அரைஞ்சு அரைஞ்சுதான் சூடாகணும். அது வரைக்கும் பொறுமையா, அரை நொடி நியூட்ரல்ல நிறுத்தி, தள்ளாம விரலால லேசா சாய்ச்சாதான் கியர் விழும். ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற லிவர்ல நீங்க பண்றது, வண்டி நீளத்துக்கும் கம்பி கம்பியா போய் பின்னாடி சேரணும் பாருங்க.

ஊரைத் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சு ஒரு இருபது நிமிஷம் இருக்கும், திடீர்னு செகண்ட் வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி விழுந்துச்சு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. 2451 சிசி வி6, சத்தம் உறுமல் கிடையாது, யாரோ கெட்டியான துணியைக் கிழிக்கற மாதிரி ஒரு சீரான சத்தம், மூணாவது கியர்லயே வளைவு மேல வளைவா இழுத்துகிட்டு போகுது, ஸ்டியரிங் மெதுவா ஓடும்போது கல்லு மாதிரி கனமா இருந்தது, இப்ப ரோட்டுல இருக்கற சின்னக் கல்லைக் கூட கையில சொல்லுது. 903 மீட்டர்ல உச்சி, அங்க நிறுத்தி இறங்கினா இன்ஜின் ஆறிகிட்டு டிக் டிக்குனு சத்தம் போடுது, பின் சக்கரத்துகிட்ட லேசா பிரேக் லைனிங் வாசனை. சுகமான்னு கேட்டீங்களே, அந்த இருபது நிமிஷம் காத்திருந்தவனுக்கு சுகம்தான்.

கேள்வி: இத்தாலி கார்ல ஸ்டியரிங் ஏன் வலது பக்கம்? அங்க ரோட்ல வலது பக்கம்தானே போவாங்க?

லான்சியா ரொம்ப நாள் அந்தப் பழக்கத்தை விடல. மலை ரோட்டுல ஓரம் எங்க முடியுதுன்னு டிரைவருக்குத் தெரியும்ங்கறது அவங்க சொன்ன காரணம். பி20ல 1954ல வந்த நாலாவது சீரிஸ்ல இருந்துதான் இடது பக்க ஸ்டியரிங்கும் கிடைச்சுது. பள்ளத்தைப் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு, முன்னாடி போற வேனை ஓவர்டேக் பண்ணணும்னா பக்கத்துல இருக்கறவர்தான் எட்டிப் பாத்து சொல்லணும், அவரோட சண்டை போட்டுடாதீங்க.

கேள்வி: முழுசா ரீஸ்டோர் பண்ணிட்டா புது வண்டி மாதிரிதானே, தினமும் எடுக்கலாமா?

பெயிண்ட் புதுசு, லெதர் புதுசு, அதுக்காக வண்டி புதுசாகிடாது. கண்காட்சிக்குன்னு ரீஸ்டோர் பண்ணின வண்டிகதான் என்னைப் பொறுத்த வரைக்கும் ரொம்ப மோசம், பத்து வருஷத்துல நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும், சீல் எல்லாம் காய்ஞ்சு போயிருக்கும், டேங்க்ல பெட்ரோல் கெட்டுப்போய் பிசினா உறைஞ்சு கார்புரேட்டர் ஜெட்டை அடைச்சிருக்கும். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற கலக்கறாங்க, பழைய ரப்பர் ஹோஸ் அதுக்குத் தாங்காது, ஊறி வெடிச்சு சூடான இன்ஜின் மேல சொட்டினா அப்புறம் தீதான். அதனால பளபளப்பைப் பாக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் ஹோஸை மாத்துங்க, ஒரு ஃபயர் எக்ஸ்டிங்குஷர் கைக்கு எட்டற இடத்துல வைங்க.

அவுரேலியால இன்னொண்ணு. கிளட்ச் பின்னாடி இருக்கறதால நடுவுல போற ஷாஃப்ட் எப்பவும் இன்ஜின் வேகத்துலயே சுத்தும், வண்டி சிக்னல்ல நிக்கும்போது கூட. அதோட பேலன்ஸ் கொஞ்சம் பிசகினாலும் சீட்டுக்கு அடியில இருந்து ஒரு அதிர்வு பல் வரைக்கும் ஏறும். பட்டறைல நிறுத்தி வச்சு ஆயிரம் தடவை பாத்தாலும் சரியா புரியாது, ஓட்டினாதான் தெரியும்.

தினமும் வேண்டாம். ஆனா வாரத்துக்கு ஒரு தடவை, எல்லாம் நல்லா சூடாகற அளவுக்கு ஓட்டுங்க. வீட்டு வாசல்ல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைக்கறது ஓட்டாம இருக்கறதை விட கெடுதல், சைலன்சருக்குள்ள தண்ணி தங்கி துருப் பிடிக்கும்.

கேள்வி: டயர் கிடைக்குதா?

கிடைக்குது, 165 அகலம், 400 மில்லிமீட்டர் ரிம்முக்கு இன்னும் புதுசா பண்றாங்க. 15, 16 இன்ச் டயர் எதுவும் அதுல பொருந்தாது. டயர் பட்டன் தேயலையேன்னு சந்தோஷப்படாதீங்க, பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பழசா இருந்தா தேயாம இருந்தாலும் தூக்கிப் போடுங்க.

கேள்வி: மில்லே மில்யால இந்த வண்டி ஓடலாமா?

மில்லே மில்யான்னா இத்தாலியோட பழைய ஆயிரம் மைல் ரோடு ரேஸ். மாடல் அதுக்குத் தகுதியானதுதான். 1927ல இருந்து 1957 வரைக்கும் நடந்த நிஜ ரேஸ்ல ஓடின மாடலுக்குத்தான் இடம், 1951ல சின்ன 2 லிட்டர் பி20 ஒண்ணுல ஜோவான்னி பிராக்கோ 4.1 லிட்டர் ஃபெராரிக்கு அடுத்து ரெண்டாவதா வந்தார். ஆனா 1977ல மறுபடி ஆரம்பிச்சது வேகப் போட்டி இல்ல, குறிச்ச நேரத்துக்கு குறிச்ச இடத்துல கோட்டைத் தாண்டணும், பக்கத்துல இருக்கறவர் ஸ்டாப்வாட்சோட எண்ணிகிட்டே வருவார். முதல்ல உங்க வண்டி பிரேக்கை நம்பி ஒரு மலை இறங்கிட்டு வாங்க, அப்புறம் விண்ணப்பம் போடுங்க.

கேள்வி: இறக்கத்துல பிரேக் பிடிக்கலன்னா என்ன பண்றது சார்? பயமா இருக்கு.

பயம் நல்லதுதான். ட்ரம் பிரேக் சூடேறினா பெடல் கெட்டியா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது, இதுல பின் ட்ரம் சக்கரத்துக்குள்ள இல்லாம கியர் பாக்ஸ் பக்கத்துல இருக்கறதால காத்தும் கம்மியாத்தான் படும். ஏறின கியர்லயே இறங்குங்க, வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடுங்க. முக்கியமா வளைவுக்குள்ள போனப்புறம் பயந்துபோய் ஆக்சிலேட்டரை டக்குனு விட்றாதீங்க, பின்பக்கம் வழுக்கும், டி டியான் ஆக்ஸில் (ரெண்டு பின் சக்கரத்தையும் ஒரு குழாயால சேர்த்துப் பிடிக்கற அமைப்பு) வர்றதுக்கு முந்தின சீரிஸ்ல அது கொஞ்சம் ஜாஸ்தி. எனக்கு ஒரு தடவை வழுக்குச்சு. பக்கத்துல இருந்தவர் ஒண்ணுமே சொல்லல, அடுத்த திருப்பத்துல நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து, சாவியை வாங்கிகிட்டார்.