டர்போ காருக்கு ரீமேப்பும் இன்டேக் கிட்டும்: கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சாலைக்கு எது சரி?

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், 40,000 கி.மீ. தாண்டிவிட்டது. பெங்களூரில் ஒரு கடையில் ஸ்டேஜ் 1 ரீமேப்பும் ஏர் இன்டேக் கிட்டும் சேர்த்துப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா? இன்ஜினுக்கு ஆபத்து உண்டா?

பதில்:

ரீமேப் போடலாம். இன்டேக் கிட் வேண்டாம். இரண்டையும் என் காரில் போட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எனக்குக் காவேரிப்பட்டணம். வேலை ஓசூரில். வாரத்தில் மூன்று நாளாவது காரில்தான் போய் வருவேன். மாமியார் வீடு சேலத்தில் இருப்பதால் மாதம் இரண்டு முறை தொப்பூர் கணவாயும் உண்டு. கார் 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனிக் கணக்கில் 110 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க். 48,000 கி.மீ. ஓடியிருந்தபோது பெங்களூர் போய் இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு வந்தேன். ட்யூனுக்கு, அதாவது ரீமேப்புக்கு, 32,000 ரூபாய், இன்டேக் கிட்டுக்கு 18,000.

முதலில் இந்த இரண்டும் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். இப்போதைய கார்களில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் நாம் நேரடியாக எதையும் திறப்பதில்லை. இவ்வளவு இழுவை வேண்டும் என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவிடம் கேட்கிறோம், அவ்வளவுதான். புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தித் தரும் டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும், எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்பதையெல்லாம் ஈசியூ தன்னிடம் உள்ள அட்டவணைகளைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த அட்டவணைகள்தான் மேப். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட் வழியாகப் பழைய மேப்பைப் படித்தெடுத்து, எண்களை மாற்றித் திரும்ப எழுதுவதுதான் ரீமேப். இன்ஜின் பாகங்களை மாற்றாமல் இதை மட்டும் செய்வது ஸ்டேஜ் 1. எந்தப் பெட்ரோலையும் எந்த வெயிலையும் தாங்க வேண்டும் என்று கம்பெனி கொஞ்சம் இடம் விட்டுத்தான் மேப் எழுதியிருக்கும். ட்யூனர் கூட்டித் தரும் பவர் அந்த விட்டுவைத்த இடத்திலிருந்துதான் வருகிறது.

இன்டேக் கிட் வேறு சங்கதி. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயையும் ஃபில்டரையும் மாற்றுவது அது. டர்போ காரில் ஈசியூ கேட்ட அழுத்தம் வந்ததும் வேஸ்ட்கேட் என்ற கதவு திறந்து, மிச்சப் புகையை டர்போவைச் சுழற்றாமல் வெளியே விட்டுவிடும். ஆகவே ஃபில்டரை மட்டும் மாற்றினால் சத்தம்தான் மாறும், பவர் அநேகமாக அதே அளவில் நிற்கும். ரீமேப்போடு சேர்த்துப் போட்டால் வித்தியாசம் தெரியும் என்பார்கள். பெரிய டர்போ மாட்டுகிறவர்களுக்கு அது பொருந்தும். ஸ்டேஜ் 1 அளவுக்கு ஒரு லிட்டர் இன்ஜின் இழுக்கும் காற்றைக் கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸே தாராளமாகக் கொடுத்துவிடும்.

இன்டேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பாடம் கிடைத்தது அங்கேதான். கம்பெனி ஏர் பாக்ஸ் மூடிய பெட்டி. அதன் மூக்கு முன் கிரில்லுக்குப் பின்னால் நின்று வெளிக்காற்றை இழுக்கும். எனக்குப் போட்டுத் தந்தது பானெட்டுக்கு உள்ளேயே திறந்து நிற்கும் கோன் ஃபில்டர். ஓடிக்கொண்டிருக்கும்போது பரவாயில்லை. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஐந்து நிமிடம் நின்றால் இன்ஜின் சூடு முழுவதையும் அது குடிக்கும். காற்று 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால், அதே கன அளவில் அடங்கும் காற்று சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஓரளவு சரிசெய்யும், ஆனால் அதுவும் சூட்டில் ஊறிப்போயிருந்தால் என்ன செய்யும்? ஒரு மே மாத மதியம் டோலைத் தாண்டியதும் ஓபிடி டாங்கிளை மொபைல் ஆப்பில் இணைத்துப் பார்த்தேன். இன்டேக் காற்றின் வெப்பம் 68 டிகிரி. கம்பெனி பாக்ஸைத் திரும்ப மாட்டி அதே வாரம், அதே நேரம், அதே இடத்தில் பார்த்தபோது 55.

அப்புறம் தூசி. எங்கள் பக்கம் கிரானைட் லாரிகள் இரவு பகலாக ஓடும், சர்வீஸ் ரோட்டில் செம்மண் பறக்கும். மாம்பழ சீசனில் கூழ் ஆலைகளுக்கு வரும் டிராக்டர்கள் வேறு. கிட் போட்டு மூன்று மாதம் கழித்துத் தர்மபுரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் ஆயில் மாற்றக் காரை விட்டேன். பானெட்டைத் திறந்தவர் கோன் ஃபில்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி ஃபில்டரைக் கழற்றினார். "தம்பி, உள்ள விரலை விட்டு ஒரு சுத்து சுத்தி எடு" என்றார். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சுத்தமான காற்று மட்டுமே போக வேண்டிய குழாய்க்குள் விரலை விட்டேன். விரல் நுனி முழுக்கச் செம்மண் நிறத்தில் மெல்லிய பூச்சு. "இது எங்கண்ணா போகும்?" என்று கேட்டேன். டர்போவைக் காட்டினார்.

அந்த டர்போ சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற பொருள். கிரானைட் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது சாதாரண இரும்பைவிடக் கடினமானது. டர்போ இறக்கையை அரிக்கும், அதையும் தாண்டிப் போனால் சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் தேய்க்கும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்கள் காற்றை எளிதாக விடுவதற்காக நுண்தூசியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. சுத்தம் செய்துவிட்டு எண்ணெயை அதிகமாகத் தடவினால், ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் அதன் கம்பியில் எண்ணெய் படிந்து அளவு தப்பும். பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கழற்றிப் பார்த்துப் பராமரிப்பார்கள். தினமும் வேலைக்குப் போகிற நம் காருக்கு அது ஒத்துவராது. அன்று மாலையே பழைய பாக்ஸைக் கொண்டுபோய் மாட்டச் சொன்னேன். இப்போது கம்பெனி பேப்பர் ஃபில்டர்தான், அதுவும் புத்தகத்தில் சொன்ன தூரத்தில் பாதிக்கே மாற்றிவிடுகிறேன். விலை சில நூறு ரூபாய்.

இனி ட்யூன். போட்டுக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டி வரும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சூளகிரிப் பக்கம் ஏற்றத்தில் லாரியைத் தாண்ட முன்பு இரண்டு கியர் குறைக்க வேண்டியிருக்கும், இப்போது ஒன்று போதும். 135 பிஎஸ், 230 நியூட்டன் மீட்டர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த 230தான் பிரச்சினை ஆனது.

ஒரு மாதம் கழித்து சேலத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூர் ஏற்றம், ஐந்தாவது கியர், முன்னால் ஒரு டிரெய்லர். வழி கிடைத்ததும் அழுத்தினேன். ஆர்பிஎம் முள் சட்டென்று ஏறியது, வண்டியின் வேகம் ஏறவில்லை. இரண்டு நொடியில் கருகிய வாடை. "என்னங்க, ஏதோ தீயற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. கிளட்ச் ஸ்லிப். கம்பெனி கிளட்ச் 175 நியூட்டன் மீட்டருக்கும் அதற்கு மேல் கொஞ்சத்துக்கும் வடிவமைத்தது. 48,000 கி.மீ. தேய்ந்த தட்டில், குறைந்த ஆர்பிஎம்மில் 230ஐ ஒரேயடியாகக் கொட்டினால் எப்படிப் பிடிக்கும்? ட்யூன் செய்யும் முன் கிளட்சைப் பற்றி அந்தக் கடையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு. காசு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

அதைவிட முக்கியமான ஆபத்து ஒன்றை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்களில், அதுவும் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் வகையில், உயர்ந்த கியரில் 1,500 ஆர்பிஎம் அளவில் நின்றுகொண்டு முழு மிதி மிதித்தால், பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். பொறிக்குப் பிறகு மிச்சக் கலவை தானாக வெடித்துத் தட்டும் சாதாரண நாக்கிங் போல இல்லை, ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. ட்யூன் செய்து கீழ் ஆர்பிஎம்மிலேயே அழுத்தத்தைக் கூட்டினால் இந்த ஆபத்தும் கூடும். தொப்பூரில் லாரிக்குப் பின்னால் ஐந்தாவது கியரில் ஊர்ந்துவிட்டு அப்படியே மிதிப்பது சரியாக அந்த நிலைமைதான். கியரைக் குறைத்து 2,500க்கு மேல் கொண்டுவந்துவிட்டு மிதியுங்கள். ஆயிலும் ஏபிஐ எஸ்பி தரம் உள்ளதாகப் பார்த்து ஊற்றுங்கள், 2020இல் வந்த இந்தத் தரத்தில் இந்த முன்பற்றலைத் தடுப்பதற்கென்றே தனிச் சோதனை உண்டு. உங்கள் கார் கம்பெனி சொல்லும் கிரேடும் அதோடு பொருந்த வேண்டும்.

இன்னொன்று, எனக்கு மேப் எழுதிய நாளில் பெங்களூரில் 26 டிகிரி. சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர், காற்று இதமாக இருக்கும். அந்தக் காற்றுக்குச் சரியாக இருந்த பொறி நேரம், 39 டிகிரியில் தர்மபுரி பைபாஸில் சரியாக இல்லை. நாக் சென்சார் சத்தத்தைப் பிடித்து, ஈசியூ திரும்பத் திரும்பப் பொறியைப் பின்தள்ளிக்கொண்டிருந்தது டாங்கிள் வழியாகப் பதிவு செய்த லாக்கில் தெளிவாகத் தெரிந்தது. பவர் கூடியதாகச் சொன்ன கார், வெயிலில் கிட்டத்தட்ட பழைய கார் போலவே ஓடியது. அந்த லாக்குகளை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போனேன். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே அழுத்தத்தைக் குறைத்து, உச்ச டார்க்கை 205க்குள் நிறுத்தி, பொறி நேரத்தையும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து எழுதச் சொன்னேன். பேப்பரில் பார்த்தால் குறைவு. ஓட்டினால் மே மாதத்திலும் ஜனவரியிலும் ஒரே மாதிரி இழுக்கிறது. கிளட்ச் செட் புதிதாக மாட்டிய பிறகு இதுவரை ஸ்லிப் இல்லை.

பெட்ரோலையும் சொல்லிவிட வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஆக்டேனை, அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் கூட்டும், நாக்கிங்குக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் இன்ஜெக்டர் அதிகம் தெளிக்க வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார் என்றால் ரப்பர் குழாய், சீல்களையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். எந்த பங்க்கில் எந்தப் பெட்ரோல் போடுகிறீர்களோ அதைத் தொட்டியில் வைத்துக்கொண்டே ட்யூனுக்குப் போங்கள். நான் இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி 95 போடுகிறேன், அதற்கேற்பத்தான் என் மேப்.

சட்டப் பக்கத்தையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் கம்பெனி குறித்த விவரங்களுக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வாரன்டி இருந்தால் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், பழைய மேப்பைத் திரும்ப எழுதினாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பல ஈசியூக்களில் பதிவாகியிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால் விபத்தின்போது க்ளெய்ம் சிக்கும். நான் தெரிவித்துவிட்டுத்தான் புதுப்பித்தேன். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் காருக்கு என் யோசனை இது. இன்டேக் கிட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் புது பிளக், நல்ல ஆயில், கூலன்ட், பிரேக் பேட், பிரேக் ஆயிலுக்குப் போடுங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் முழுக்க இறக்கம், என் காரில் பின்னால் டிரம் பிரேக்தான். வேகமாகப் போகும் காரை நிறுத்துகிற வேலையும் இருக்கிறது அல்லவா? கிளட்சை ஒரு சோதனை செய்து பாருங்கள்: காலியான சாலையில் நான்காவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் இருந்து முழுதாக மிதித்தால் முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். முள் மட்டும் துள்ளினால் ட்யூனைத் தள்ளிப்போடுங்கள்.

பெங்களூர் போகும் முன் ஒரு ஓபிடி டாங்கிள் வாங்கி, ஒரு வெயில் மதியம் மூன்றாவது கியரில் 1,800இலிருந்து 4,000 ஆர்பிஎம் வரை ஒரு லாக் எடுங்கள். டர்போ அழுத்தம், இன்டேக் வெப்பம், பொறி நேரம், பெட்ரோல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு), இந்த நான்கும் இருந்தால் போதும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து மொபைலை அவர் கையில் கொடுங்கள். அந்த லாக்கையும் கார் மாடலையும் கீழே போடுங்கள், எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை தர்மபுரிப் பக்கம் வர முடிந்தால் அந்த மெக்கானிக் அண்ணனிடமே காட்டிவிடலாம்.