செயற்கை இடுப்பு மூட்டைச் சுற்றி எலும்பு அரிக்கிறது: ஊசி போட்டால் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. 22 வருடங்களுக்கு முன் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வலி எதுவும் இல்லை. ஆனால் இப்போது எடுத்த எக்ஸ்-ரேயில், இடுப்பெலும்பில் பொருத்திய செயற்கைக் கிண்ணத்தைச் சுற்றி எலும்பு அரித்திருக்கிறது, மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். எலிகளில் ஒரு புரதத்தைத் தடுத்ததும் இந்த அரிப்பு குறைந்ததாகப் படித்தேன். அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி எலும்புப்புரைக்குப் போடப்படுகிறதே, அதை வைத்துச் சமாளிக்க முடியாதா?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அந்த ஊசியை நம்பி மூட்டை அப்படியே விட்டுவிட வேண்டாம்.

கிண்ணத்தின் உட்புறம் இருப்பது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். நடக்க நடக்க அது தேய்ந்து, ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்களை உதிர்க்கிறது. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்களால் பிளாஸ்டிக்கைச் செரிக்க முடிவதில்லை. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அதன் விளைவாக, நீங்கள் படித்த அந்தப் புரதம், அதாவது 'ராங்க்-எல்', பெருகி, எலும்பைக் கரைக்கும் செல்களை உருவாக்குகிறது. அதாவது, எலும்பை அரிப்பது உடலின் சொந்தச் செல்களே. 1990களின் இறுதியில் தேய்மானம் குறைந்த புதுவகை பாலிஎத்திலீன் வந்தபின் இந்தப் பிரச்சினை வெகுவாகக் குறைந்தது. அம்மாவுக்குப் பொருத்தியது எந்த வகை என்பது பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

எலி ஆய்வுக்கு வருகிறேன். சுண்டெலியின் மண்டையோட்டின் மேல் உலோகத் துகள்களைத் தூவினால் சில நாட்களிலேயே எலும்பு அரிக்கிறது. ராங்க்-எல் சமிக்ஞையைத் தடுத்தால் அரிப்பு குறைகிறது. காரணம் புரிய இது பெரிதும் உதவியது. ஆனால் மண்டையோடு உடல் எடையைத் தாங்குவதில்லை. துகள்கள் வருடக்கணக்கில் உதிர்வதும் அங்கே இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ராங்க்-எல் மரபணுவை நீக்கிய எலிகளுக்குப் பல் முளைக்கவில்லை, நிணநீர் முடிச்சுகள் உருவாகவில்லை. கருவுற்ற பெண் எலிகளின் பால்சுரப்பி வளராததால், ஈன்ற குட்டிகள் பாலின்றி இறந்தன. எலும்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் நோய் எதிர்ப்புக்கும் ஒரே புரதம் வேலை செய்கிறது. வளர்ந்த மனிதருக்குப் போடும் ஊசியின் விளைவு மரபணுவையே நீக்குவதைப் போன்றதல்ல என்பது சரி. ஆனாலும் செயற்கை மூட்டைச் சுற்றிய அரிப்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை எதுவும் இல்லை. ஊசி போட்டாலும் பிளாஸ்டிக் தேய்வது நிற்கப் போவதில்லை.

வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். கிண்ணம் தளரும்வரை, சில சமயம் எலும்பு முறியும்வரைகூட, இந்த அரிப்பு வெளியே தெரியாது. உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடிகளில் மட்டும் தொடை இடுக்கிலோ தொடையிலோ வலிக்கிறதா என்று அம்மாவிடம் குறிப்பாகக் கேளுங்கள். தளர்வு தொடங்கும்போது வலி பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது பழைய எக்ஸ்-ரேக்களை எல்லாம் கொண்டுபோங்கள். அரிப்பு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை ஒரே படத்தை வைத்துச் சொல்ல முடியாது. எக்ஸ்-ரே அரிப்பின் அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால் சி.டி. ஸ்கேன் தேவையா என்றும் கேளுங்கள். கிருமித்தொற்றும் இதே போன்ற படத்தைத் தரக்கூடும். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளில் சந்தேகம் வந்தால் மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பார்கள். அதற்கு முன் நீங்களாக ஆன்டிபயாடிக் கொடுத்துவிடாதீர்கள். கிருமி இருந்தாலும் சோதனையில் சிக்காமல் போய்விடும்.

கிண்ணம் இன்னும் உறுதியாக இருந்தால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி, அரித்த இடத்தில் எலும்புத் துண்டுகளை நிரப்புவதே பல சமயம் போதும். தளர்ந்தபின் செய்தால் கிண்ணத்தையே எடுக்க வேண்டியிருக்கும்; அதைப் பொருத்த எலும்பும் குறைவாகவே மிஞ்சியிருக்கும். அதனால்தான் வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

எலும்புப்புரைக்காக அம்மா அந்த ஊசியை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் அறுவை சிகிச்சை டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது. இடையில் விட்டால் எலும்பு இழப்பு வேகமெடுத்து முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு.