செருப்பு கழன்றது தெரியவில்லையா?

கேள்வி: வயது 54. ஒன்பது வருடமாகச் சுகர். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று வீடியோவில் பார்த்துப் பயந்து, ஒரு மாதமாக ஒருவேளை மட்டும் போடுகிறேன். வெறும் வயிற்றில் 118, 134, 126 என்று மாறுகிறது. கிட்னிக்கான ரத்த டெஸ்டில் கிரியாட்டினின் 0.9. செருப்பும் தளர்ந்துவிட்டது போல, நடக்கும்போது கழன்று போனால்கூடத் தெரிவதில்லை. என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

பதில்: குறை செருப்பில் இருப்பதாகத் தோன்றவில்லை. கழன்று போனது தெரியவில்லை என்றால், பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். உணர்வு போன காலில் முள் தைத்தாலும் வலிக்காது. சீழ் வைத்த பிறகுதான் புண்ணே தெரியும். சுகர்காரர்களுக்குக் காலை எடுக்க நேர்வது பெரும்பாலும் இப்படி ஆரம்பித்த புண்ணால்தான்.

இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டும், அதிரும் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தும் சோதிப்பார். சில நிமிட வேலை. காலில் நாடித்துடிப்பையும் பார்க்க வேண்டும். வைட்டமின் பி12 டெஸ்டும் எடுங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போடுபவர்களுக்கு அது குறையலாம், அதனாலும் கால் மரத்துப்போகும். நரம்புச் சத்து மாத்திரை என்று கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் பி12 இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு டெஸ்ட் எடுத்தால் குறை இருப்பது ரிப்போர்ட்டில் தெரியாமல் போய்விடும்.

அதுவரை வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கூடாது. கால் ஆணியை பிளேடால் சீவவே கூடாது. இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். கொப்புளமோ சிவப்போ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. கட்டுப்படாத சுகரும் ரத்த அழுத்தமும்தான் கெடுக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு நாங்கள் அளவைக் குறைப்போம், தேவைப்பட்டால் நிறுத்துவோம். அதை வைத்துப் பழியை மாத்திரை மேல் போடும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மருத்துவர் எழுதியபடியே மறுபடி போடுங்கள்.

சிறுநீரகம் பற்றி நிஜமாகவே கவலை என்றால், கிரியாட்டினின் மட்டும் போதாது. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தையும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். 30க்குக் கீழே இருந்தால் நல்லது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனையும் வருடம் ஒருமுறை, பார்வை தெளிவாக இருந்தாலும் சரி. சுகரின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்த டெஸ்ட் இப்போதைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நீங்கள் எழுதியிருக்கும் வெறும் வயிற்று ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம், எல்லோருக்கும் இருப்பதுதான்.

மருத்துவர் அவசரத்தில் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துச் சீட்டு எழுத ஆரம்பித்தால், "காலையும் பார்த்துவிடுங்கள் டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.