இரண்டு கரிநெருப்பு

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

நான் வெள்ளறடைப் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறவன். விடியுமுன் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன். ஆனாலும் கோபம் போகவில்லை. போன வாரம் அப்பா கால் தட்டி ஒரு வாளி ரப்பர் பாலைக் கவிழ்த்துவிட்டார். எழுபது தாண்டிய மனுஷன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இப்போது ஒரே திண்ணையில் இருக்கிறோம், பேச்சில்லை. கன்வென்ஷன் (ஜெபக்கூட்டம்) பந்தலில் எத்தனை தடவை கைதூக்கி ஒப்புக்கொடுத்திருக்கிறேன்! டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுக்கிற தீர்மானம் பொங்கல் வரைகூட நிற்பதில்லை. என் விசுவாசமே பொய்தானோ?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்களுடையது பொங்கலை ஒட்டியாவது வருகிறது. என்னுடையது ஜனவரி 2-ஐத் தாண்டாது. நம் கேரள எல்லைப்பக்கத்தில் ஜெபம் தமிழில், வசவு மலையாளத்தில். எனக்கு இரண்டும் சரளம். அதனால் மேடையில் நின்று சொல்கிற ஆளாக இதை எழுதவில்லை.

இயேசுவின் சீடர் பேதுருவை எடுத்துக்கொள்வோம். யோவான் எழுதின சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது 18-ஆம் அதிகாரம்: பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டே, ‘நீயும் அவருடைய சீஷன்தானே?’ என்று கேட்டவர்களிடம் பேதுரு ‘நான் அல்ல’ என்கிறார். இரண்டாவது 21-ஆம் அதிகாரம்: திபேரியாக் கடற்கரையில், உயிர்த்தெழுந்த இயேசு கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். அந்தப் புகை மூக்கில் ஏறினபோது பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்? விழுந்த இடத்தின் வாசனை அல்லவா அது.

அங்கே கேட்கப்பட்ட கேள்வியைப் பாருங்கள். ‘இனிமேல் மறுதலிக்க மாட்டாயே?’ என்று கேட்கவில்லை. சத்தியம் வாங்கவில்லை. முதலில் சாப்பாடு. அப்புறம் ‘என்னை நேசிக்கிறாயா?’ மூன்று தடவை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை கொடுக்கிறார்: ஆட்டை மேய். நாமோ பந்தலில் கைதூக்கி, அவர் கேட்காத வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு, அது முறிந்ததும் அவரிடமிருந்தே ஒளிகிறோம்.

அதோடு பேதுருவின் பயம் தீர்ந்துவிட்டதா? இல்லை. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) உட்கார்ந்து சாப்பிட்டவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். முகத்துக்கு முன்னே எதிர்த்தேன் என்று பவுல் எழுதுகிறார். பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பிரசங்கித்த அதே பேதுருதான். சபை அவரைத் தள்ளவில்லை, அவரும் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை. எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த சங்கடம் இது.

உங்கள் தொழிலை எனக்குக் கொஞ்சம் தெரியும். புது வெட்டுக்காரன் ஒரே நாளில் நிறையப் பால் எடுக்க ஆசைப்பட்டுக் கத்தியை ஆழமாக இறக்குவான். மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் அந்த இடத்தில் கத்தி ஓடாது. நன்றாக வெட்டுகிறவர் சீவல் மெல்லிசாக விழுகிற அளவுக்குத்தான் எடுப்பார். பந்தலில் நீங்கள் கத்தியை ரொம்ப ஆழமாக இறக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

‘சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது’ என்று எபேசியருக்கு எழுதியிருக்கிறது. கோபமே வராது என்று அங்கே சொல்லவில்லை, அந்தி வரைதான் தவணை. உங்கள் கணக்கில் ஒரு வாரம் ஓடிவிட்டது. கோபத்தை எப்படி ஒழிப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தத் திண்ணை.

அப்பாவிடம் நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம், பாவம், அவருக்கும் கூச்சமாக இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வெட்டு? வெட்டில்லாத நாள் காலையில் கொஞ்சம் சாளை வாங்கிக்கொண்டு வாருங்கள். நீங்களே அடுப்பைப் பற்றவைத்து, மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீனையும் சுட்டு அவர் முன்னால் வையுங்கள். ‘அன்றைக்கு நான் பேசினது தப்பு, சாப்பிடுங்க’ என்று சொன்னால் போதும்.

அவர் தட்டைத் தள்ளிவைத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.