எம்.எஸ். நோய்க்கு எந்த மருந்து என்று ரத்தப் பரிசோதனை சொல்லுமா?

கேள்வி: என் தங்கைக்கு வயது 29. ஒரு கண்ணில் பார்வை மங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்கிறார்கள். ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். அவளுக்கு எது ஒத்துவரும் என்று ரத்தத்தில் பார்க்க முடியுமா? 'என்.எஃப்.எல்.' டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: 'இவருக்கு இதுதான்' என்று கைகாட்டும் பரிசோதனை இன்னும் வரவில்லை. ஆனால் 'இது வேண்டாம்' என்று சொல்பவை உண்டு.

எம்.எஸ். என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். முதலில் இது எம்.எஸ்.தானா? ஃபைலில் அக்வாபோரின்-4, மாக் ஆன்டிபாடி (எம்.எஸ். போலத் தெரியும் வேறு நோய்களைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகள்) ரிப்போர்ட்டுகள் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். கண் நரம்பைத் தாக்கும் என்.எம்.ஓ. என்ற நோய் எம்.எஸ். போலவே வேஷம் போடும். அதற்குப் போய் எம்.எஸ். மருந்துகளான இன்டர்ஃபெரானோ ஃபிங்கோலிமோடோ கொடுத்தால் நோய் இன்னும் மோசமாகலாம். ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் இந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பு அதிகம். டெஸ்ட் 'செல் பேஸ்டு' முறையில் செய்ததா என்றும் பாருங்கள். எலைசா என்ற இன்னொரு முறையில் பொய்யான பாசிட்டிவ் வருவதுண்டு.

நாடலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்தின் பேச்சு வந்தால் ஜே.சி. வைரஸ் ஆன்டிபாடி பார்த்தே ஆகவேண்டும். 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, இந்த வைரஸால் வரும் பி.எம்.எல். என்ற மூளைத் தொற்றால் அடுத்த ஆண்டே நிறுத்தப்பட்டு 2006இல் திரும்பி வந்தது. ஆன்டிபாடி அளவு 1.5ஐத் தாண்டி, மருந்தும் இரண்டு ஆண்டுகளைக் கடந்தால் ஆபத்து ஏறும். நெகட்டிவ் என்றாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பார்கள். சிபோனிமோடுக்கு மரபணு டெஸ்ட் உண்டு. அந்த மருந்தைச் சொன்னால் மட்டும் யோசித்தால் போதும்.

சரி, என்.எஃப்.எல். நரம்பிழை சிதையும்போது கசிந்து ரத்தத்துக்கு வரும் புரதம் அது. எதனால் சிதைந்தது என்று அதற்குத் தெரியாது. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாலும் ஏறும், வயதானாலும் ஏறும், சிறுநீரகம் கெட்டாலும் ஏறும். உடல் பருத்தவர்களுக்குக் குறைவாகக் காட்டும். ஒரே ஒரு முறை எடுத்து அந்த எண்ணை வைத்து மருந்து தேடுவது, என்னைக் கேட்டால், வீண் செலவு. மருந்து தொடங்கும் முன் ஒன்று, சில மாதம் கழித்து அதே லேபில் இன்னொன்று என்று எடுத்தால் மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும். அப்போதும் எம்.ஆர்.ஐ.க்குத்தான் முதல் மரியாதை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் தங்கை அதை டாக்டரிடம் இப்போதே சொல்லட்டும். எம்.எஸ். மருந்துகளில் டெரிஃப்ளுனோமைட், ஃபிங்கோலிமோட் இரண்டும் கருவுக்கு ஆகாது.