பட்டர்ஃப்ளை நீந்தினால் தோள் வலிக்கிறது, விட்டுவிடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. ஊர் பாபநாசம். சிறுவயதில் குடமுருட்டி ஆற்றில் நீந்திப் பழகியவன். ஆறு மாதமாகத் தஞ்சாவூரில் ஒரு நீச்சல் குளத்துக்கு வாரம் மூன்று நாள் அதிகாலையில் போகிறேன். ஃப்ரீஸ்டைல் நன்றாக வருகிறது. இரண்டு கையையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃப்ளை மட்டும் பத்துப் பன்னிரண்டு மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது. இரண்டு மாதமாக வலது தோளின் முன்பக்கம் வலி. நீந்திய அன்று இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், ஆனால் பட்டர்ஃப்ளையை இரண்டு வாரம் நிறுத்துங்கள். வலியோடு நீந்தி வலியைப் பழக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் ஆறு மாதம் கழித்து என்னிடம் வருகிறார்கள்.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் மூன்று தொல்லைக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்: தலை. ஆற்றில் பழகியவர்களுக்குத் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும். கலங்கல் தண்ணீரில் முகத்தைப் புதைத்து என்ன பார்ப்பது? மிதந்து வரும் மட்டையைப் பார்க்க வேண்டும், கரையேற வேண்டிய படித்துறையைப் பார்க்க வேண்டும். நானும் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஆற்றில் இறக்கிவிடப்பட்டவன்தான்; இந்தப் பழக்கம் போக எனக்கு வருடங்கள் ஆயின. ஃப்ரீஸ்டைலில் பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுப்பதால் அது வெளியே தெரியாது. பட்டர்ஃப்ளையில் முன்பக்கமாக மூச்சு எடுக்கும்போது பழைய ஆள் வந்துவிடுகிறான்.

தலை உயர்ந்தால் இடுப்பு தாழும். தாழ்ந்த உடம்பை மேலே கொண்டுவர முதுகை வில்லாக வளைக்கிறீர்கள். இடுப்பு பிடிப்பது அதனால்தான். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் தோளிலிருந்து இரண்டு கைகளையும் பலவந்தமாகத் தூக்கி வீசுகிறீர்கள். அப்போது தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் மேலெலும்புக்கு அடியில் உரசி வீங்குகின்றன. இந்த மல்லுக்கட்டுக்கே மூச்சு முழுவதும் செலவாகிவிடுகிறது.

சரி, எப்படி மாற்றுவது? கைகள் தண்ணீரைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கும்போதே முகம் எழ வேண்டும். தாடை தண்ணீரை உரசினால் போதும். கைகள் காற்றில் முன்னே வரும்போது முகம் உள்ளே போய்விட வேண்டும், அதாவது கை தண்ணீரில் நுழையும் முன்பே தலை நுழைய வேண்டும். கண் குளத்தின் தரையைப் பார்க்கட்டும். மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிடுங்கள்; மேலே வந்து விடவும் இழுக்கவும் நேரம் கிடையாது. ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சு எடுக்காமல் இரண்டுக்கு ஒன்று எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் கால். ஒரு கைச்சுற்றுக்கு இரண்டு உதை: கைகள் தண்ணீரில் நுழையும்போது ஒன்று, தொடையருகே வெளியேறும்போது ஒன்று. பெரிய வயதில் கற்றவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதை விழுங்கிவிடுவார்கள். கையை வெளியே கொண்டுவர உதவுவதே அதுதான். அது இல்லாவிட்டால் அந்த வேலையும் தோள் தலையில் விழும். கைகள் தோள் அகலத்தில் நுழையட்டும். கட்டைவிரலை முதலில் குத்தி இறக்காதீர்கள், தோள் உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். பிறகு வீட்டில் யாரையாவது மெதுவாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். இடது கையைவிட வலது கை வெகுவாகக் குறைவாகத் திரும்பி, அவர்கள் திருப்பினாலும் நகராவிட்டால் அது ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ எனப்படும் தோள் இறுக்க நோயாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும், நீச்சலைக் குறை சொல்லிப் பயனில்லை. உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கையைத் தூக்க முடியாத பலவீனம், காலில் மதமதப்பு இருந்தாலும் அப்படியே.

அந்தப் பிரச்சினை இல்லையென்றால், இந்த இரண்டு வாரமும் வலிக்காத நீச்சலை மட்டும் நீந்துங்கள். வீட்டில் ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, சோதனையில் செய்த அதே அசைவை 15 தடவை, இரண்டு சுற்று செய்யுங்கள். நிலைக்கதவில் முன்கையை ஊன்றி மார்புத் தசையையும் நீட்டுங்கள். நாளெல்லாம் மேசை முன்னாலும் பைக்கிலும் குனிந்திருந்தால் அது சுருங்கியிருக்கும். திரும்பத் தொடங்கும்போது ஒற்றைக்கை பட்டர்ஃப்ளை: ஒரு கை முன்னே நீட்டியபடி இருக்க, மறு கையால் மட்டும் நீந்தி, பக்கவாட்டில் மூச்சு. காலுக்குத் துடுப்புச் செருப்பு போட்டுக்கொண்டால் வெட்கமில்லை. கை, கால், மூச்சு மூன்றும் சேரும் நேரம் பிடிபட்ட பிறகு இரண்டு கையாலும் 10 மீட்டர், மீதியை ஃப்ரீஸ்டைல். வடிவம் குலைந்ததும் நிறுத்திவிடுங்கள். குலைந்த வீச்சைத் தொடர்ந்தால் அதுதான் உடம்பில் பதியும்.

சர்க்கரை மாத்திரையில் கிளைமிபிரைடு போன்றது இருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். இருந்தால் வெறும் வயிற்றில் நீந்தவே கூடாது, தண்ணீருக்குள் சர்க்கரை இறங்கினால் ஆபத்து. பட்டர்ஃப்ளை இதயத்தையும் நன்றாக வேலை வாங்கும். ரத்த அழுத்தமும் ஈ.சி.ஜி.யும் பார்த்துவிட்டே தொடருங்கள். முழுகி டால்பின் உதை (இரண்டு காலையும் சேர்த்து உதைப்பது) பழகுவதாக இருந்தால், வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். மூச்சுத் திணறல் தெரியாமலே மயக்கம் வரும். தனியாகவும் வேண்டாம்.

மேட்டூர் திறந்து குடமுருட்டிக்குத் தண்ணீர் வந்ததும் அங்கே பட்டர்ஃப்ளை காட்ட ஆசை வரும். வேண்டாம். மணல் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அங்கே பழையபடி தலையைத் தூக்கியே நீந்துங்கள்.